பன்றிக்கும் தட்டுக்கும் ஒரு துப்பாக்கி

போன வாரம் எங்கள் துப்பாக்கி கிளப்பின் வாட்ஸாப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருந்தான்: "போட்டிக்கும் வேட்டைக்கும் சேர்த்து ஒரே செமி ஆட்டோமேட்டிக் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லதுங்க?" அவ்வளவுதான், பதில்கள் ஈசல் மாதிரி கிளம்பிவிட்டன. ஒருவர் துருக்கி என்றார், ஒருவர் இத்தாலி என்றார். தீபாவளிக்குப் பொட்டு வெடிக்கிற துப்பாக்கிக்குமேல் எதையும் கையில் தொட்டிராத ஒருவர் வரிசையாக வீடியோக்களை அனுப்பி, எல்லாவற்றையும் கடைசிவரை பார்க்கும்படி கட்டளையிட்டிருந்தார். நான் அப்போது பழைய நைட்டித் துணியை விரித்து என் துப்பாக்கியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். விரலெல்லாம் கரி. முழங்கையால் ஃபோனைத் தள்ளித் தள்ளிப் படித்துவிட்டு, தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

துப்பாக்கி எண்ணெய்க்கு ஒரு வாசனை உண்டு. தையல் மெஷின் எண்ணெயும் எரிந்த மருந்தும் கலந்த மாதிரி இருக்கும். ஆனால் என் மூக்குக்கு அது பாதி வாசனைதான். அதோடு கடலைப் புண்ணாக்கு வாசனையும் சேர்ந்தால்தான் முழுசாகும். ஏனென்றால் நான் போட்டிக்குச் சுடக் கற்ற நாட்களில் துப்பாக்கி பயணம் செய்தது என் மாமாவின் ஜீப்பில். அந்த ஜீப்பில் துப்பாக்கிக்கு முன்பு புண்ணாக்கு மூட்டை பயணம் செய்திருக்கும், பின்பும் புண்ணாக்கு மூட்டை பயணம் செய்யும். நடுவில் நானும் துப்பாக்கியும் மாமாவும் விருந்தாளிகள்.

மாமா என் அம்மாவின் அண்ணன். கேரள எல்லைக்குள், கோவிந்தாபுரத்திலிருந்து கொல்லங்கோட்டுக்குப் போகிற ரோட்டில் பிரிந்து உள்ளே போனால் அவருடைய கடலைக்காடு. எங்கள் பக்கம் மேட்டு நிலத்தைக் காடு என்றுதான் சொல்லுவோம். தென்மலையடிவாரத்துப் பன்றிகள் அதை அப்படியே நம்பிவிட்டன. காடு என்றால் நம் இடம்தானே என்று குடும்பம் குடும்பமாக இறங்கி வந்து, கடலைச் செடியை மூக்கால் நோண்டிப் பிஞ்சையும் முற்றலையும் தின்றுவிட்டு, வெயில் ஏறுமுன் மரியாதையாகத் திரும்பிப் போகும்.

வேட்டை என்ற வார்த்தையை அந்தத் தம்பி இவ்வளவு தைரியமாகக் குழுவில் எழுதியதைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. நம் நாட்டில் வேட்டை என்று ஒன்று கிடையாது, தம்பி. இருப்பது உத்தரவு. பயிரைத் தின்னும் பன்றியைச் சுட மேலே இருந்து உத்தரவு வர வேண்டும். உத்தரவு வந்த பிறகும், எதிரே நிற்பது குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய்ப்பன்றியாக இருக்கக் கூடாது. அதை எப்படித் தெரிந்துகொள்வது என்றால், பன்றியிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சுட்டால் மண்ணெண்ணெய் ஊற்றிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். ஒரு கண்டம் கறி வீட்டுக்குப் போனாலும் புதைத்தவர் உள்ளே போவார். இத்தனையும் படித்துத் தெரிந்துகொண்டு துப்பாக்கியைத் தூக்குவதற்குள் பன்றி சாப்பிட்டு, கை கழுவி, தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கும்.

மாமாவிடம் அவருடைய அப்பா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. நடுவில் மடக்கித் திறந்து இரண்டு தோட்டா போட வேண்டும். இரண்டும் வெடித்த பின் மறுபடி மடக்கித் திறக்க வேண்டும். ஒருநாள் விடிகாலை அந்த மறுபடிக்கும் மடக்கலுக்கும் நடுவே ஒரு கிடாப்பன்றி மாமாவைப் பார்த்துத் திரும்பியது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று மாமா கடைசிவரை சொல்லவில்லை. அத்தைதான் சொன்னாள்.

"மாமரத்துல தொங்கிக்கிட்டு இருந்தாருங்க அம்மிணி. வேட்டி கீழ கெடக்குது, துப்பாக்கி கீழ கெடக்குது. பன்னி வேட்டிய மோந்து பாத்துட்டுப் போயிருச்சு."

இந்த மரமேற்றத்துக்குப் பிறகுதான் செமி ஆட்டோமேட்டிக் என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது. பயப்பட வேண்டாம், ராணுவ சமாச்சாரம் ஒன்றுமில்லை. விசையை அழுத்தினால் ஒரு தோட்டா வெடிக்கும். வெடிக்கிற வேகத்திலேயே துப்பாக்கி காலித் தோட்டாவை வெளியே துப்பிவிட்டு அடுத்ததைத் தானே உள்ளே ஏற்றிக்கொள்ளும். மரம் ஏறத் தேவையில்லை.

அப்போது நான் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காலையில் பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பேன், சாயங்காலம் தண்ணீரில் பால் எவ்வளவு என்று பார்ப்பேன். கல்லூரியில் என்.சி.சி.யில் ரைஃபிள் பிடித்த கையாயிற்றே, அது சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பழைய கல்குவாரிக்குள் கிளப்காரர்கள் நடத்திய தட்டு சுடும் இடத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஒரு மெஷின் சாஸர் அளவுத் தட்டை வானத்தில் வீசும். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா அனுமதி. முதலாவது தவறினால் இரண்டாவதில் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். கிளப்பில் இருந்தது ஒரே ஒரு பொதுத் துப்பாக்கி. அதற்கு முன்னால் பஞ்சாயத்துக் குழாயடி மாதிரி வரிசை நிற்கும். என் முறை வருவதற்குள் வெயிலில் தலை சுற்றி, தட்டு இரண்டாகத் தெரியும். மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும் என்று எனக்கு அப்போது வெறி. சொந்தமாக ஒரு துப்பாக்கி இல்லாமல் அது நடக்காது என்று தெளிவாகத் தெரிந்திருந்தது.

மாமாவுக்குப் பன்றி, எனக்குத் தட்டு. மாமாவுக்கு லைசன்ஸ் இருக்கிறது, எனக்குத் தோள் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொள்ளு ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் மாமாவே ஆரம்பித்தார்.

"ஏன் அம்மிணி, ரெண்டு பேரும் ஒட்டுக்கா ஒண்ணே வாங்கிட்டா என்ன? வாரம் பூராவும் பன்னிக்கு. ஞாயித்துக்கெழம உன்ற தட்டுக்கு."

"துப்பாக்கி உங்க பேருல இருக்குமுங்க மாமா. நான் சுடறப்ப நீங்க பக்கத்துல இருந்தே ஆகோணும். கிளப்புல கண்டிசனா சொல்லிட்டாங்க."

"இருந்துட்டாப் போச்சு. ஞாயித்துக்கெழம நானென்ன கலெக்டர் வேலையா பாக்கறன்?"

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் ஆசையும் கழுதையும் ஒரே நாளில் கிடைத்தன.

கோயமுத்தூர்க் கடைக்காரர் பச்சைத் துணி விரித்த மேசைமேல் இரண்டு துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். வைத்துவிட்டு, "யாருக்குங்க?" என்று கேட்டார்.

"பன்னிக்குங்க" என்றார் மாமா.

கடைக்காரர் நல்ல மனிதர், சிரிக்காமல் விளக்கினார். ஒன்று கேஸ் துப்பாக்கி. தோட்டா வெடிக்கிற புகையின் அழுத்தத்தில் அடுத்ததை ஏற்றும். கனம் கொஞ்சம் அதிகம், தோளை இடிக்காது, மெல்லிய தோட்டா, தடித்த தோட்டா எதைக் கொடுத்தாலும் சாப்பிடும், ஆனால் கரி பிடிக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும். இன்னொன்று ஸ்பிரிங் துப்பாக்கி. வெடிக்கும்போது பின்னால் உதைக்கிற உதையை வாங்கி, அந்த வேகத்தில் அடுத்ததை ஏற்றும். எடை குறைவு, கரி உள்ளே போகாது, காட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்கச் சுகம். ஆனால் தடித்த தோட்டாவாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். போட்டிக்குப் போடுகிற மெல்லிய தோட்டாவில் அது சில நேரம் மக்கர் பண்ணும். இதைக் கடைக்காரர் இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறையும் கேட்டேன். மாமாவின் காதில் எடை குறைவு என்பது மட்டும் விழுந்தது.

மாமா துப்பாக்கி பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்தது மாடு பார்ப்பது. குழல் வாயைத் திறந்து பல் பார்ப்பதுபோல் உள்ளே பார்த்தார். அடிக்கட்டையைத் தட்டிப் பார்த்தார். இரண்டு அடி பின்னால் போய் நின்று அதன் நடையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எல்லாம் முடிந்ததும், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கடைக்காரரின் கைமேல் போட்டு, அதற்குள் தன் கையை நுழைத்து அவர் விரலைப் பிடித்துவிட்டார். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது அப்படித்தான், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து. கடைக்காரர் வெலவெலத்துக் கையை உருவிக்கொண்டு, "என்னங்க ஐயா, விலை பெட்டி மேலயே போட்டிருக்குதுங்களே" என்றார். பேரம் பேசக் கூடாத கடையில் எதையும் வாங்கியறியாத மாமாவுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. எதையும் வாங்காமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டில் அத்தைக்கு வேறு கவலை. "கேஸா? அடுப்படியில ஒண்ணு இருக்கறது பத்தாதுங்களா? கட்டிலுக்கு அடியில இன்னொண்ணு வேணுமாக்கும்?" அந்த கேஸ் வேறு, இந்த கேஸ் வேறு என்று நான் எவ்வளவு சொல்லியும் அவள் முகம் தெளியவில்லை.

நான் கேஸ் என்றேன். மாமா ஸ்பிரிங் என்றார். இரண்டு பேருக்கும் ஒத்துவராததால், எங்கள் குடும்பத்தில் பெண் எடுப்பதிலிருந்து போர்வெல் போடுவதுவரை எதை முடிவு செய்கிறோமோ அதன்படியே இதையும் முடிவு செய்தோம். அம்மனிடம் பூக் கேட்டோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பூசாரி அம்மனின் இரண்டு தோளிலும் ஈரப் பூவை ஒட்டி வைப்பார். நாம் மனதில் நினைத்துக்கொண்டு கைகூப்பி நிற்க வேண்டும். எந்தப் பக்கத்துப் பூ முதலில் விழுகிறதோ அது அம்மனின் உத்தரவு. வலது பக்கம் விழுந்தால் நல்லது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்துப் பிழைத்த ஒரு பங்காளி அதற்கு முந்தின வருஷம் அம்மனுக்கு வேர்க்கக் கூடாது என்று ஒரு சுவர் ஃபேன் மாட்டியிருந்தார். அதன் மூன்று இறக்கையிலும் 'உபயம்' என்று அவர் பெயரை எழுதியும் வைத்திருந்தார். அந்த ஃபேன் நேராகப் பார்த்தது அம்மனின் வலது தோளை. அது வந்ததிலிருந்து எங்கள் அம்மன் யாருக்கும் எதையும் மறுத்ததில்லை. எல்லாக் கல்யாணமும் கூடி வந்தது, எல்லா வழக்கிலும் எல்லோரும் ஜெயிப்பார்கள் என்று வாக்குக் கிடைத்தது. தண்ணீரே இல்லாத இடத்தில் ஒரு போர்வெல்கூட இறங்கியது.

"வலது பக்கம் ஸ்பிரிங்கு, எடது பக்கம் கேஸு. செரிங்களா பூசாரி?" என்றார் மாமா.

பூசாரி ஃபேனைப் பார்த்தார். நானும் ஃபேனைப் பார்த்தேன். அம்மன் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். கற்பூரத் தட்டைச் சுற்றுவதற்குள் வலது பூ கீழே கிடந்தது. நானாவது வாயைத் திறந்திருக்கலாமே என்பீர்கள். குலதெய்வத்தின் உத்தரவை உஷா ஃபேனை வைத்து மறுத்துப் பேசுகிற பெண்ணை எங்கள் ஊரில் யார் கட்டிக்கொள்வார்கள்?

அப்படியாக ஸ்பிரிங் துப்பாக்கி வந்தது. மாமாவுக்குக் கை நீளம், எனக்குக் குட்டை. அதனால் அடிக்கட்டையின் பின்னால் மாட்டுகிற ரப்பர் மட்டையில் இரண்டு வாங்கினோம்: மாமாவுக்குத் தடிப்பு, எனக்கு மெலிசு. ஞாயிறு காலை நான் தடிப்பைக் கழற்றி மெலிசை மாட்டுவேன், சாயங்காலம் மெலிசைக் கழற்றித் தடிப்பை மாட்டுவேன். குழல் வாயில் திருகுகிற ஒரு சின்ன வளையமும் உண்டு. தண்ணீர்க் குழாயின் வாயைக் கட்டை விரலால் அழுத்தினால் தண்ணீர் குறுகிப் பாயும் அல்லவா, அதே வேலையைத்தான் அதுவும் செய்கிறது. தட்டுக்குக் குறுகலான வளையம், பன்றிக்குப் போடும் ஒற்றைக் குண்டுக்கு அகலமான வளையம். மாற்ற மறந்தால் குழல் கெட்டுவிடும். மாமா அதை மோதிரம் என்பார். ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும்போது, "அம்மிணி, மோதிரம் மாத்திட்டியா?" என்று அவர் உரக்கக் கேட்பார். கிளப்பில் புதிதாக வந்தவர்கள் என்னையும் அவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள்.

முதல் ஞாயிறே கடைக்காரர் சொன்னது பலித்துவிட்டது. மெல்லிய தோட்டா ஒன்று வெடித்தது. தட்டு தப்பியது. இரண்டாவதற்கு விசையை அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காலித் தோட்டா பாதி வெளியே வந்து பல் குத்துகிற குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. தட்டு நிதானமாகக் கீழே இறங்கி முழுசாகப் புல்லில் உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். கருங்குடைக்குக் கீழே, வீட்டிலிருந்து கொண்டு வந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மன் உத்தரவு, அம்மிணி. ஒண்ணுலயே அடிக்கோணும்ங்கறா" என்றார், ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டே.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேறு வழி இருந்ததா என்ன? இரண்டாவது தோட்டா வராது என்று தெரிந்த பின் முதலாவதை மட்டும் நம்ப வேண்டியதாயிற்று. மற்றவர்கள் முதல் தோட்டாவை விளையாட்டாக விட்டுவிட்டு இரண்டாவதில் உடைப்பார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பின்னால் குடைக்குக் கீழே கடலை ஓடு உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தட்டு கிளம்பும் நொடி மட்டும் அந்தச் சத்தம் நிற்கும். உடைந்தால் மறுபடி ஆரம்பிக்கும். மழைக்காலம் போய் வெயில் வருவதற்குள் நான் முதல் தோட்டாவிலேயே தட்டுகளை உடைத்துக்கொண்டிருந்தேன். சிரித்தவர்கள் நின்று பார்த்தார்கள். மாநிலப் போட்டிக்கு என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்.

பன்றி விஷயமும் கேட்பீர்கள். அந்தத் துப்பாக்கி ஒரு பன்றியையும் சுடவில்லை. பன்றிக்கு என்று ஒரே ஒரு முறை வெடித்தது. அதில் மாமாவின் சொட்டு நீர்க் குழாய் காலமானது. அதை மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கவில்லை, வேறு மாற்றினோம்.

போட்டி சித்திரையில். கடலை எடுப்பும் சித்திரையில். அந்த வருஷம் தேர்தலும் அதே சித்திரையில் வந்து சேர்ந்தது. தேர்தல் அறிவித்தால் ஊரில் இருக்கும் துப்பாக்கிகளையெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டுப் போடுகிற காலத்தில் பன்றிகள் பயிரைத் தின்னாது என்று மேலே யாரோ உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள் போலும். போட்டிக்காரர்களுக்கு விலக்கு உண்டு என்று கிளப்பில் சொன்னார்கள். நானும் மாமாவும் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். எழுத்துவேலை பார்க்கும் போலீஸ்காரர் லைசன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது விள சம்ரக்ஷணத்தினுள்ள லைசன்ஸல்லே?" என்றார். பயிரைக் காக்க என்று எழுதியிருக்கிறதே என்று அர்த்தம்.

"ஆமாங் சார். ஆனா இவ தட்டு சுடப் போறாளுங்க. போட்டிங்க."

"தட்டு விளயாணோ?"

தட்டு பயிரா என்று கேட்கிறார். போட்டிக்கு என்று வாங்கியிருந்தால் போட்டிக்கு விட்டிருப்பார். பன்றிக்கு என்று மட்டும் வாங்கியிருந்தால் எங்களுக்கு ஏக்கமாவது இருந்திருக்காது. இரண்டுக்கும் சேர்த்து வாங்கிய துப்பாக்கி இரண்டுக்கும் இல்லாமல் கண்ணாடி அலமாரிக்குள் போய் நின்றது.

கிளப்காரர்கள் நல்லவர்கள். பொதுத் துப்பாக்கியைப் போட்டிக்கு எனக்கே தருவதாகச் சொன்னார்கள். அது கேஸ் துப்பாக்கி. கிளப் பெயரில் இருப்பதால் கூட மாமா வர வேண்டிய அவசியமும் இல்லை. அதை அவரிடம் சொல்லப் போனபோது அவர் கடலைக்காட்டில் ஒரு செடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மண் காய்ந்து பாறையாக இருந்தது. செடி வந்தது, காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒரு மழை பெய்து மண் இளகினால்தான் பிடுங்க முடியும். அதுவரை பகலும் ராவும் தகரம் தட்டிப் பன்றியை விரட்ட வேண்டும். மகன் பெங்களூரில். காட்டில் மாமாவும் அத்தையும்தான்.

"நீங்க வர வேண்டாமுங்க மாமா. இங்க கடலையப் பாருங்க. துப்பாக்கி கிளப்போடதுங்க, சட்டப்படி நீங்க வரவேண்டியதில்ல."

"நா இல்லாம நீயி என்னைக்குச் சுட்டிருக்கற?"

"கடலைங்க மாமா?"

"மூணு மாசமா இருந்த கடலை ஒரு ராத்திரி இருக்காதா? உன்ற அத்தைக்குப் பட்டாசு வாங்கிக் குடுத்திருக்கறன். ஞாயித்துக்கெழம போறம், திங்கக்கெழம வந்தர்றம்."

அத்தை கட்டுச்சோறு கட்டும்போது பாத்திரங்கள்தான் பேசின.

போட்டி தெற்கே, கடலோரமாக ஒரு ஊரில். மற்ற பெண்களோடு பயிற்சியாளர்கள் வந்திருந்தார்கள், கறுப்புக் கண்ணாடி போட்ட அப்பாக்கள் வந்திருந்தார்கள். என்னோடு பிளாஸ்டிக் நாற்காலி வந்திருந்தது. ரயிலில் மாமா அதைத் தலைக்குமேல் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவரை வேலிக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னார்கள். அவர் இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு கிட்டே உட்கார முடியுமோ அவ்வளவு கிட்டே உட்கார்ந்து கடலையை எடுத்தார்.

நன்றாகத்தான் சுட்டேன். சாயங்காலம் வரை முதல் மூன்று பேரில் ஒருத்தியாக இருந்தேன். கடைசிச் சுற்றில் ஒரு தட்டு தப்பியது. தப்பியதும் பழக்கத்தில் துப்பாக்கியைக் கீழே இறக்கிவிட்டேன். அடுத்த தட்டும் தப்பியது, அப்போதும் இறக்கினேன். அந்தத் துப்பாக்கி நல்ல துப்பாக்கி. இரண்டு முறையும் இரண்டாவது தோட்டாவை ஒழுங்காக ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தது. அதைச் சுடலாம் என்பது எனக்குத்தான் மறந்து போயிருந்தது. நான்காவதாக வந்தேன்.

"நாலாவதுக்கு ஒண்ணும் இல்லீங்களா?" என்று மாமா அங்கிருந்த அதிகாரியை நிறுத்திக் கேட்டார். இல்லை, முதல் மூன்று பேருக்குத்தான் பதக்கம் என்றார் அவர். "அதெப்புடிங்க? பந்தியில மூணு பேருக்குப் பாயசம் ஊத்திப்போட்டு நாலாவது ஆளத் தாண்டிப் போவீங்களா?" நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. அவருக்கு முன்னால் அழக் கூடாது என்று ரயிலில் மேல் பெர்த்தில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

காலையில் கொல்லங்கோட்டில் இறங்கும்போதே மண் வாசனை வந்தது. ராத்திரி நல்ல மழை. மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா அம்மிணி, மண்ணு எளகியிருக்கும். இன்னிக்கே ஆளு உட்டுப் புடுங்கிரலாம்" என்று ஜீப்பை விரட்டினார்.

மண் இளகித்தான் இருந்தது. ராத்திரியே ஆளும் இறங்கிவிட்டது, நாலு காலில். முதல் தூறலிலேயே பட்டாசு நனைந்துவிட்டதாம். மழைச் சத்தத்தில் தகரம் யாருக்குக் கேட்கும்? அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றையாளாக வரப்பில் ஓடி ஓடிக் கத்தியிருக்கிறாள். கிழக்கு வேலியிலிருந்து மேற்கு வேலி வரை ஒரு செடி நிற்கவில்லை. இளகின மண்ணைப் பன்றிகள் வரிசை வரிசையாகக் கிளறிப் போட்டிருந்தன. ஈரத்தில் கடலை ஓடுகள் பரவிக் கிடந்தன. அத்தை களத்துமேட்டில் முழங்கால்வரை சேற்றோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதனால்தான் அன்று நாங்கள் ஒன்றும் கேட்காமல் தப்பித்தோம்.

எனக்கு அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பதக்கமாவது வாங்கியிருந்தால் காட்டியிருக்கலாம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி நடந்தார். நடுவில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார்.

"நல்லா ஆழமா ஓட்டியிருக்குது" என்றார், என்னைத் திரும்பிப் பார்த்து. "உழவு கூலி மிச்சம், அம்மிணி."

பிறகு அங்கேயே நின்றபடி, "அடுத்த வருசம் எந்த ஊர்ல வெப்பாங்களாம் போட்டி?" என்று கேட்டார்.

தேர்தல் முடிந்து துப்பாக்கி திரும்பி வந்தபோது காக்கக் கடலை இல்லை. மாமா அதன்பின் கடலை போடவில்லை, தென்னம்பிள்ளை வைத்தார். பன்றிக்கு லைசன்ஸ் வாங்கிய துப்பாக்கி ஞாயிற்றுக்கிழமைக்காரியாக மட்டும் மிஞ்சியது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் குடையோடும் நாற்காலியோடும் வந்தார். அடுத்த வருஷம் எனக்கு வெண்கலம் கிடைத்தது. அவர் அதை வாங்கிக் கடித்துப் பார்த்தார்.

இப்போது அந்தக் கடலைக்காடு இல்லை. மாமாவுக்குப் பிறகு மகன் விற்றுவிட்டான். அங்கே யாரோ ஒரு ரிசார்ட் கட்டி, 'காட்டுக்கு நடுவே ஒரு இரவு' என்று பலகை வைத்திருக்கிறார்கள். பன்றிகள் இன்னும் வருகின்றன. ஊர்க்காரர்களை விரட்டிய பன்றிகளை விருந்தாளிகள் ஃபோட்டோ எடுக்கிறார்கள். களத்துமேடு கார் நிறுத்தும் இடமாகிவிட்டது. அத்தை பெங்களூரில் பத்தாவது மாடியில், பாத்திரம் கழுவும் மெஷினோடு பேச முடியாமல் இருக்கிறாள். லைசன்ஸ்காரர் போய்விட்டால் துப்பாக்கியும் வீட்டில் இருக்கக் கூடாது. அந்த ஸ்பிரிங் துப்பாக்கி கோயமுத்தூர்க் கடையிலேயே ஒப்படைக்கப்பட்டது. ஒருமுறை தோட்டா வாங்கப் போனபோது பார்த்தேன். மெலிசு மட்டைதான் மாட்டியிருந்தது. தடிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அந்தத் தம்பிக்கு ஒழுங்காகப் பதில் போட்டேன்: கேஸ் வாங்கு, தோள் அளவுக்கு அடிக்கட்டையைச் சரி பார், போட்டிக்கு என்று லைசன்ஸில் எழுதி வாங்கு, இரண்டாவது தோட்டாவைச் சுட மறக்காதே. எல்லோரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

என் துப்பாக்கி கேஸ்தான். அருமையான துப்பாக்கி. லைசன்ஸும் இப்போது என் பெயரிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காரில் நானே போகிறேன், சுடுகிறேன், வருகிறேன். சட்டப்படி என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.